அனைவரும் நலம்

நவம்பர் 10, ஞாயிறு

நூலக அறையில் செயற்குழுக் கூட்டம். நாற்காலிகளைத் துடைத்தது நான், போட்டது நான், டீ சொன்னது நான், பேசியதையெல்லாம் எழுதி வைத்ததும் நான். செண்பகம் நகர் குடியிருப்போர் நலச்சங்கத்தின் செயலாளர் என்றால் இதுதான் அர்த்தம். தலைவர் பிச்சைமுத்து டீயில் சர்க்கரை குறைச்சல் என்று மட்டும் கண்டுபிடித்துச் சொன்னார்.

இன்றைய பேச்சு 'வாசல் விளக்கு' திட்டத்தைப் பற்றி. எங்கள் நகரில் தனியாக இருக்கும் வயதானவர்கள் இருட்டினதும் கேட் விளக்கைப் போட வேண்டும், காலையில் எழுந்ததும் அணைக்க வேண்டும். விடிந்ததும் நான் ஒரு சுற்று வருவேன். எந்த வீட்டில் விளக்கு அணையாமல் எரிகிறதோ அந்தக் கதவைத் தட்டுவேன். இவ்வளவுதான் திட்டம். போன வருஷம் ரெண்டாம் தெரு ஜெரினா சர்க்கரை இறங்கிக் கட்டிலிலேயே கிடந்தபோது, எரிந்துகொண்டிருந்த விளக்குதான் அவளைக் காப்பாற்றியது. சுற்றி முடித்ததும், பிள்ளைகள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் 'எல்லா விளக்கும் அணைந்தது. அனைவரும் நலம்' என்று போடுவேன். கனடாவிலும் துபாயிலும் இருக்கும் பிள்ளைகள் அந்த ஒரு வரிக்காகத்தான் சங்கத்துக்கு நன்கொடை அனுப்புகிறார்கள். சனிக்கிழமை டாக்டர் வருவதும், முட்டிவலிக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் வருவதும் அந்தப் பணத்தில்தான்.

அந்தப் பணம் இப்போது போதவில்லை. அதனால் பிச்சைமுத்து ஒரு சோலார் கடைக்காரரைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். தனியாக இருப்பவர்கள் வீட்டுக்கெல்லாம் சோலார் கேட் விளக்கு இலவசம். ஒரு வருஷத்துக்கு டாக்டர் செலவும் அவருடையது. பதிலுக்கு நகர் நுழைவு வளைவில் அவர் கடைப் பெயர், ஒரு திறப்பு விழா. எனக்கு வாயெல்லாம் பல்.

அப்போதுதான் தேவசகாயம் சார் கையைத் தூக்கினார். பொன்மலை பணிமனையில் ரயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்தே விரிசல் பார்த்த மனிதர். இப்போதும் கேட், மேஜை, தூண் எதைப் பார்த்தாலும் விரல் முட்டியால் ஒரு தட்டு, சற்று விட்டு இரண்டு தட்டு. மனைவி இல்லை, ஒரே பையன் இம்மானுவேல் நியூசிலாந்தில்.

"காலைல எந்திரிச்சு அந்த சுவிட்ச அமுக்குறது ஒண்ணுதான் எனக்குன்னு இருக்கற ட்யூட்டி. அதையும் புடுங்கணுமாம்மா?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். கடைக்காரரும் சிரித்தார், ஆனால் முகம் கொஞ்சம் சுருங்கியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பணம் அனுப்புறது உங்க பையன். உங்களுக்கு வாய் மட்டும்தான் சார் வேலை" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. தேவசகாயம் சார், "சரிம்மா. மாட்டிக்கங்க" என்று எழுந்து போனார்.

நான் சொன்னதில் என்ன தப்பு? நாலு பேர் முன்னால் சொல்லியிருக்க வேண்டாம். அவ்வளவுதான்.

நவம்பர் 11, திங்கள்

தேவசகாயம் சார் தினமும் விளக்கை அணைத்துவிட்டு நான் வரும்வரை கேட்டில் நிற்பார். தொலைபேசி இலாகாவில் நான் வேலை பார்த்தவள் என்பதால் எனக்கு அவர் வைத்த பெயர் எக்ஸ்சேஞ்ச். "என்னா எக்ஸ்சேஞ்ச், இன்னிக்கும் இருக்கேன்" என்பார். "தெரியுது சார்" என்பேன். வருஷக்கணக்காக இதே வசனம்.

இன்று விளக்கு அணைந்திருந்தது. ஆளைக் காணோம். கோபமாம்.

நவம்பர் 20, புதன்

நாளெல்லாம் அலைச்சல். நாலாம் தெருச் சாக்கடைக்கு மாநகராட்சியில் மனு கொடுத்தேன், போன மாத மனு எங்கே என்று அவர்கள் என்னையே கேட்டார்கள். அழைப்பிதழில் சோலார் கடைக்காரர் பெயருக்கு முன்னால் 'வள்ளல்' போட வேண்டும் என்று பிச்சைமுத்து பிடிவாதம். போட்டுத் தொலைத்தேன்.

திரும்பும்போது ஜெரினா வீட்டில் உட்கார்ந்தேன். முட்டிப் பயிற்சியில் அவளுக்கு நல்ல குணம். சம்மணம் போட்டு உட்கார்ந்து காட்டினாள், சின்னப் பிள்ளை மாதிரி.

"அக்கா, எங்க வெளக்கையெல்லாம் நீங்க பாக்கறீங்க. உங்க வெளக்க யாரு பாக்கறா?" என்றாள்.

"பாக்கறவளே நான்தானே. எனக்கு எதுக்குடி?"

மகள் காஞ்சனா ஹைதராபாத்திலிருந்து இரண்டு நாளைக்கு ஒருமுறை பேசுகிறாள். அது போதும்.

டிசம்பர் 1, ஞாயிறு

விழா நன்றாக நடந்தது. பொன்னாடைகள் தீர்ந்துபோய், கடைசியில் எனக்குப் போர்த்தியதையே கழற்றி வார்டு பிரமுகருக்குப் போர்த்தினார் பிச்சைமுத்து. பகலெல்லாம் எலக்ட்ரீஷியன் வீடு வீடாகப் போய்ப் பழைய பல்பைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினான். வீட்டுக் கரண்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இருட்டினால் தானாக எரியும், விடிந்தால் தானாக அணையும்.

மாலையில் ஒரே சமயத்தில் எல்லா கேட்டிலும் வெள்ளை வெளிச்சம் வந்தபோது கை தட்டினோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, எழுதுவதற்கு என்ன வெட்கம். ஒரு வருஷத்துக்கு டாக்டர் கவலை இல்லை.

தேவசகாயம் சார் விழாவுக்கு வரவில்லை. பழைய பல்பை மட்டும் எலக்ட்ரீஷியனிடமிருந்து கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாராம்.

டிசம்பர் 2, திங்கள்

சுற்றினேன். எல்லா விளக்கும் அணைந்திருந்தது. அனைவரும் நலம் போட்டேன். பதிலுக்கு ஏகப்பட்ட கைகூப்பல்கள்.

டிசம்பர் 6, வெள்ளி

புது விளக்கு வந்தபிறகு ஒரு வீட்டில்கூட விளக்கு எரிந்துகொண்டிருக்கவில்லை. முன்பெல்லாம் யாராவது ஒருவர் அணைக்க மறந்துவிடுவார், நான் கதவைத் தட்டி எழுப்பி, திட்டித் தீர்த்துவிட்டு வருவேன். எவ்வளவு நேரம் மிச்சம். சுற்று முடித்து வந்தும் காபி சூடாக இருக்கிறது. இந்த வேலையை இத்தனை நாள் இவ்வளவு கஷ்டப்பட்டா செய்தோம் என்றிருக்கிறது.

டிசம்பர் 9, திங்கள்

தேவசகாயம் சார் இப்போது கேட்டில் நிற்பதே இல்லை. நானும் அவர் கேட்டைத் தாண்டும்போது எதிர்ப் பக்கத்து வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு போகிறேன். ஓரக்கண்ணால் விளக்கை மட்டும் பார்த்துவிடுவேன். அணைந்திருக்கிறது. போதும்.

டிசம்பர் 11, புதன்

விடியற்காலையிலிருந்து மழை. குடை பிடித்துக்கொண்டு சுற்றினேன்.

இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தேவசகாயம் சார் பெயர். கை மாவாக இருந்தது. துடைப்பதற்குள் நின்றுவிட்டது. திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம். சமாதானம் பேசுவதென்றால் நேரில் வரட்டும், நாலு பேர் முன்னால் நான் பேசியதற்கு நாலு சுவருக்குள் சமாதானம் எதற்கு என்று நினைத்தேன். அது கொஞ்சம் குதர்க்கம்தான். அவர் பேசினால் நான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும், அதுவும் தெரியும்.

எங்கள் எக்ஸ்சேஞ்சில் மணி அடித்து யாரும் எடுக்காத அழைப்பு என்று ஒன்று இருந்ததில்லை. சூப்பர்வைசராக நான் இருந்தவரை இருந்ததில்லை.

அனைவரும் நலம் போட்டாயிற்று. சாக்கடைத் தண்ணீர் நாலாம் தெருவில் கேட் வரை வந்துவிட்டது.

டிசம்பர் 12, வியாழன்

மழை விடவில்லை. தேவசகாயம் சார் வளர்க்கும் சாம்பல் பூனை காம்பவுண்டுச் சுவர்மேல் நனைந்துகொண்டு கத்திக்கொண்டிருந்தது. "உங்க ஐயா ஒனக்கு சோறு போடலையா? ரோசத்துல அதுவும் மறந்துருச்சா?" என்று அவர் காதில் விழட்டும் என்றே சத்தமாகக் கேட்டேன்.

உள்ளே எதையோ தட்டுகிற சத்தம். ஒரு தட்டு, சற்று விட்டு இரண்டு. கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்ட ஆணி அடிக்கிறார். இந்த மழையில் என்ன அவசரமோ. நான் பேசுவதைக் கேட்டுவிட்டு வேண்டுமென்றே அடிக்கிறாரோ என்றும் தோன்றியது. வந்துவிட்டேன்.

எல்லா விளக்கும் அணைந்தது. அனைவரும் நலம்.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை. மழை நின்று மாலையில் வானம் வெளுத்தது, நல்லவேளை. அகல் ஏற்றி வைத்துவிட்டு, வருஷா வருஷம் போல எல்லா வீட்டுக்கும் பொரி உருண்டை எடுத்துப் போனேன். தேவசகாயம் சார் வீட்டுக்குக் கொடுக்காமல் விடவும் மனம் வரவில்லை, கூப்பிட்டுக் கொடுக்கவும் வாய் வரவில்லை. பையைக் கேட் கம்பியில் மாட்டிவிட்டு வந்தேன். அவர் வாசலில் சோலார் விளக்கு பளீரென்று எரிந்துகொண்டிருந்தது. இவர் வாசலுக்கும் கார்த்திகை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 14, சனி

பை அப்படியே தொங்குகிறது. எறும்பு. அவ்வளவு ரோஷமா?

டாக்டர் வந்தார், நல்ல கூட்டம். ஜெரினாவுக்கு சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. அனைவரும் நலம்.

டிசம்பர் 15, ஞாயிறு

தேவசகாயம் சாரைச் சர்ச் பூசைக்குக் கூட்டிப்போகும் ஆட்டோ அவர் வாசலில் நின்று ஹாரன் அடித்துவிட்டுப் போனது கேட்டது. அவர் பூசைக்குப் போகாமல் இருந்து நான் பார்த்ததில்லை. உடம்பு முடியவில்லையோ என்னவோ. நாளைக்கும் பை அப்படியே தொங்கினால் நானே உள்ளே போய்விட வேண்டும். போதும் இந்த வீம்பு.

டிசம்பர் 16, திங்கள்

தேவசகாயம் சார் போய்விட்டார்.

டிசம்பர் 17, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. எழுதினால் கொஞ்சம் இறங்குமோ என்று பார்க்கிறேன்.

நேற்றுக் காலை சுற்றப் புறப்படும்போது இம்மானுவேல் நியூசிலாந்திலிருந்து பேசினான். "ஆன்ட்டி, ஞாயித்துக்கெழமைதான் பேசுவோம், நேத்து அப்பா போன எடுக்கல. ஸ்விட்ச் ஆஃப்னு வருது. டெய்லி உங்க மெசேஜ் வருதே, அதான் நான் பயப்படல. இருந்தாலும் ஒரு எட்டு போயிப் பாக்கறீங்களா?"

போனைக் காதில் வைத்தபடியே நடந்தேன். கேட்டுக்கு வந்தேன். பை தொங்கியது. விளக்கு அணைந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டே நிற்க, அந்த அணைந்த விளக்கு என்ன சொல்கிறது என்று முதல் தடவையாக யோசித்தேன். அது ஒன்றுமே சொல்லவில்லை. டிசம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து எந்த வீட்டு விளக்கும் எனக்கு ஒன்றுமே சொல்லவில்லை. விடிந்தது என்று சொன்னது, அவ்வளவுதான். விடிந்ததை நானும்தான் பார்த்தேன்.

"ஆன்ட்டி? லைன்ல இருக்கீங்களா?" என்று அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

பிச்சைமுத்து தச்சரைக் கூட்டிவந்து கதவைத் திறந்தார். கூடத்துக்கும் குளியலறைக்கும் நடுவில் கிடந்தார். கை சுவரோரம் நீட்டியிருந்தது. போன் பக்கத்தில் இருந்தது. அதற்குமேல் எழுத மாட்டேன்.

சனிக்கிழமை டாக்டர்தான் வந்து பார்த்தார். "இடுப்பெலும்பு. விழுந்து ரொம்ப நாள் ஆகியிருக்கு" என்றார். உடனே போய்விட்டாரா என்று ஜெரினா கேட்டாள். டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு, "உடனேன்னு சொல்ல முடியாதும்மா" என்றார்.

வாசலில் நட்சத்திரம் எதுவும் கட்டியிருக்கவில்லை.

டிசம்பர் 19, வியாழன்

இம்மானுவேல் வந்தான். இன்று கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். அப்பாவின் மூக்கும் நடையும் அப்படியே. துக்கத்திலும் வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டான்.

எல்லோரும் போன பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கையில் அப்பாவின் பட்டன் போன்.

"அப்பா யாரையாச்சும் கூப்பிட்டிருப்பாரா ஆன்ட்டி? சார்ஜர் வயர பூனை குதறி வச்சிருக்கு. இந்த மாதிரி சின்ன பின் எந்தக் கடையிலயும் இல்லேங்கறான். உங்ககிட்ட இருக்குமா?"

"இல்லப்பா" என்றேன்.

என் பழைய போனும் அதே கம்பெனிதான். சார்ஜர் பீரோவின் நடு இழுப்பறையில், சேஃப்டி பின் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே இருக்கிறது என்று தெரிந்தபடியேதான் இல்லை என்றேன்.

டிசம்பர் 20, வெள்ளி

அவசரக் கூட்டம். திங்கட்கிழமையிலிருந்து நான் குழுவில் ஒன்றும் போடவில்லை. பிள்ளைகள் மாறி மாறிக் கேட்கிறார்கள்: என்ன ஆயிற்று, எங்கம்மா எப்படி இருக்கிறார், எங்கப்பா எப்படி இருக்கிறார்.

பிச்சைமுத்து கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "வயசானவரு, வழுக்கி விழுந்துட்டாரு. அம்புட்டுதான் மேடம். லைட்டப் பத்தி வெளிய ஒரு வார்த்தை வரக்கூடாது. வந்துச்சுன்னா கடைக்காரரு போர்டக் கழட்டிக்கிட்டுப் போயிருவாரு. புள்ளைங்களும் நிறுத்திருவாங்க. அப்பறம் டாக்டரு யாரு காசுல வருவாரு? ஜெரினாம்மா முட்டி என்னாவும்? நாளையிலேர்ந்து பழையபடி மெசேஜப் போடுங்க."

அவர் கெட்டவர் இல்லை. கதவு திறந்தபோது முதலில் உள்ளே ஓடியவர் அவர்தான், வெளியே வந்து வேப்பமரத்தடியில் வாந்தி எடுத்தவரும் அவர்தான். அவர் சொல்வதிலும் பொய் எதுவும் இல்லை. நான் சரி என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

"ஒருத்தருக்கும் தோணலையே மேடம்" என்றார் கடைசியில், குரல் இறங்கி. "இத்தன பேரு கை தட்டுனோம். ஒருத்தருக்குக்கூடத் தோணலையே."

ஒருவருக்குத் தோன்றியது. வேடிக்கையாகத்தான் சொன்னார், அவருக்கே முழுசாகத் தெரிந்திருக்காது. ஆனால் சொன்னார்.

டிசம்பர் 21, சனி

காலையில் தட்டும் சத்தம் கேட்டு எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். யாரும் இல்லை. மாடியில் தண்ணீர்க் குழாயாக இருக்கும்.

டிசம்பர் 22, ஞாயிறு

இம்மானுவேல் வியாழக்கிழமை திரும்புகிறான். வீட்டைப் பூட்டிவிடப் போகிறான். இரவு லாட்ஜில்தான் தங்குகிறான், அதனால் இன்றே ஃப்யூஸைப் பிடுங்கி என்னிடம் கொடுத்து வைத்தான். பெரியவர் மேஜையில் அந்தப் பழைய பல்ப் இருந்தது, பேப்பரில் சுற்றி, மேலே நூல் கட்டி. அதையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். வேண்டாம் என்றேன்.

மாலையில் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனேன். கரண்டு இல்லாத வீடு, ஆள் இல்லாத இருட்டு ஜன்னல்கள், ஆனால் கேட்டில் விளக்கு தானாக எரிந்தது. சோலார் என்று தெரியும், முன்னால் நின்று மாட்ட வைத்ததே நான்தான். தெரிந்தும் துணியைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

எனக்குப் பேய் பயம் கிடையாது. அந்த விளக்கு பொய் சொல்கிறது, அதுதான் பயம். அவர் போன பிறகும் அவர் இருக்கிறார் என்று சொல்கிறது. சாகிறபோதும் அப்படித்தான் சொன்னது. அதை வாங்கிக்கொண்டு போய் அவர் பிள்ளையிடம் சொன்னவள் நான்.

டிசம்பர் 23, திங்கள்

இன்றும் தட்டும் சத்தம். குழாய் இல்லை. நேற்றே ப்ளம்பரைக் கூப்பிட்டுப் பார்த்தாயிற்று.

ஒரு தட்டு. சற்று விட்டு இரண்டு.

டிசம்பர் 24, செவ்வாய்

சார்ஜரை எடுத்துக்கொண்டு மத்தியானம் போனேன். இம்மானுவேல் கூடத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். கிறிஸ்துமஸ் முந்தின நாள், தெருவெல்லாம் நட்சத்திரம், அந்த வீட்டில் மட்டும் அட்டைப் பெட்டிகள். கரண்டு இல்லாததால், அவன் தன் போனுக்கு வைத்திருந்த பவர் பேங்கில், சார்ஜரிலிருந்து வயரை மட்டும் உருவிச் செருகினான். "இருக்கா ஆன்ட்டி? எங்க கெடச்சுது?" என்று ஆசையாகக் கேட்டான்.

"அன்னிக்கே இருந்துச்சு. இல்லேன்னு பொய் சொன்னேன்."

அவன் நிமிர்ந்தான். போன் திரையில் பேட்டரிப் படம் மட்டும் வந்திருந்தது. அது முழுசாக உயிர் பெறுவதற்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அவனாகப் பார்த்துத் தெரிந்துகொண்டால், நான் வந்ததற்கு அர்த்தம் இல்லை.

"அப்பா கூப்பிட்டது என்னைத்தான். புதன்கிழமை காலையில. நான் எடுக்கல. திருப்பியும் கூப்பிடல. எங்களுக்குள்ள ஒரு சின்ன சண்டை, அந்த வீம்பு."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். போனில் அவ்வளவுதான் இருக்கும். மற்றதை என்னைத் தவிர யாரும் சொல்ல முடியாது. நான் சொல்லாமல் விட்டால் உலகத்தில் எவருக்கும் தெரியாது. அதனால்தான் சொன்னேன்.

"மறுநாள் காலையில அவர் உள்ள இருந்து தட்டினாரு. நான் கேட்டுல நின்னுக்கிட்டுப் பூனையத் திட்டிக்கிட்டு இருந்தேன். என் குரல் கேட்டுத்தான் தட்டியிருக்காரு. நட்சத்திரம் கட்ட ஆணி அடிக்கிறாருன்னு நெனச்சேன். போயிட்டேன். போயி, அனைவரும் நலம்னு உனக்கு மெசேஜ் போட்டேன்."

அவன் கேட்டான்: "எப்படித் தட்டினாரு?"

எனக்குப் புரியவில்லை.

"தட்டிக் காட்டுங்க ஆன்ட்டி."

மேஜையில் தட்டினேன். ஒன்று. சற்று விட்டு இரண்டு.

"இன்னொரு தடவ."

தட்டினேன்.

"நான் ஸ்கூல் படிக்கறப்ப விடியக்காலைல அடுத்த ரூம்லேர்ந்து சுவத்துல இப்படித்தான் தட்டுவாரு, படிக்க எழுப்பறதுக்கு" என்றான். "நான் முழிச்சுக்கிட்டேன்னா திருப்பித் தட்டணும். தட்டலேன்னா நிறுத்தவே மாட்டாரு."

முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். போன் பக்கத்தில் தானாக ஒளிர்ந்து ஒரு சின்ன இசை போட்டது. அவன் அதை எடுத்துப் பார்க்கவில்லை. நான் தண்ணீர் எடுத்து வைத்துவிட்டு வந்துவிட்டேன். மன்னிப்பு என்ற சொல்லை நான் சொல்லவில்லை, சொன்னால் அவன் பதில் சொல்ல வேண்டிவரும்.

டிசம்பர் 26, வியாழன்

கதவைத் திறந்தபோது என் கேட் கம்பியில் ஒரு பை தொங்கியது. உள்ளே என் சார்ஜர், வயரை ஒழுங்காகச் சுருட்டி. வேறெதுவும் இல்லை. இம்மானுவேல் விமானம் பிடிக்கப் போய்விட்டிருந்தான்.

அதை வெகு நேரம் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எடுத்தேன்.

டிசம்பர் 27, வெள்ளி

குழுவில் போட்டேன். பிச்சைமுத்துவிடம் கேட்கவில்லை. புது விளக்குகள் தாமாக எரிந்து தாமாக அணைபவை, அவற்றைப் பார்த்து நான் அனுப்பிய செய்திகள் எதற்கும் பொருள் இல்லை, தேவசகாயம் சார் விழுந்து கிடந்த நாட்களிலும் அதையேதான் அனுப்பினேன் என்று. கூட்டாமல் குறைக்காமல்.

முதல் வரியாக வந்தது: 'இம்மானுவேல் குழுவிலிருந்து வெளியேறினார்.'

ஜனவரி 5, ஞாயிறு

சோலார் கடைக்காரர் வளைவிலிருந்த போர்டைக் கழற்றிவிட்டார். பிள்ளைகளில் பாதிப் பேர் நன்கொடையை நிறுத்திவிட்டார்கள். துபாய்ப் பையன் ஒருவன் மட்டும் முன்னைவிட அதிகம் அனுப்பி, கூடவே என்னைத் திட்டியும் எழுதியிருந்தான். இரண்டையும் வாங்கிக்கொண்டேன். டாக்டர் இனி மாதம் ஒருமுறைதான். பயிற்சிப் பெண் நின்றுவிட்டாள். ஜெரினா தானாகவே செய்துகொள்கிறேன் என்கிறாள், செய்வதில்லை.

பிச்சைமுத்து ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இன்று ஏணியோடு வந்து, ஒவ்வொரு கேட்டிலும் பழைய பல்பை அவரே மாட்டினார். சுவிட்ச் வைத்தது.

"நீங்க ராஜினாமா கொடுத்துருவீங்கன்னு நெனச்சேன் மேடம்" என்றார்.

நானும்தான் நினைத்தேன். யார் சுற்றுவது?

ஜனவரி 12, ஞாயிறு

இப்போது விளக்கைப் பார்ப்பதோடு நிறுத்துவதில்லை. ஒவ்வொரு கதவையும் தட்டுகிறேன். உள்ளிருந்து குரல் வரும்வரை நகர்வதில்லை. சிலருக்கு எரிச்சல். "இருக்கேன் போம்மா" என்று போர்வைக்குள்ளிருந்து கத்துகிறார்கள். கத்தட்டும். குழுவில் 'தட்டினேன். பேசினார்கள்' என்று மட்டும் போடுகிறேன். நலம் என்று எழுதுவதில்லை, அது எனக்குத் தெரியாது.

பூட்டிய வீட்டைத் தாண்டும்போது வேப்பமரத்தைப் பார்ப்பதில்லை. பூனை என்னோடு வந்துவிட்டது. அந்தக் கேட்டின் சோலாரை மட்டும் கழற்ற வேண்டாம் என்று ஏணியோடு வந்த அன்றே பிச்சைமுத்துவிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். நான் பார்க்க வேண்டும் என்றேன்.

என் கதவை ஜெரினா தட்டுகிறாள். நான் கேட்கவில்லை, அவளாக ஆரம்பித்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு ரெண்டாம் தெருவிலிருந்து நடந்து வந்து, "அக்கா, இருக்கீங்களா?" என்கிறாள். "இன்னிக்கும் இருக்கேன்டி" என்கிறேன்.

ஆனால் அவள் வருவதற்கு முன்பே, இருள் பிரியும்போது, வேறொரு தட்டல் கேட்கிறது. ஒன்று, சற்று விட்டு இரண்டு. தினமும் எழுந்துபோய்க் கதவைத் திறக்கிறேன். யாரும் இருப்பதில்லை. கனவு என்கிறாள் காஞ்சனா, காது டாக்டரைப் பார் என்கிறாள், ஹைதராபாத்துக்கே வந்துவிடு என்கிறாள்.

இருக்கலாம். யாரும் இல்லை என்று தெரிந்துதான் திறக்கிறேன். திறக்காமல் இருந்து ஒரு தடவை பார்த்தாயிற்று.